மருதமரம், ஆகாயத்தாமரை, நடுவில் ஒரு கிடா

தண்ணீரில் மிதக்கிற செடியைப் பற்றி நாலு பேர் கேட்க ஒரு சொற்பொழிவு நடத்திவிட்டு, பேச்சு முடிந்த கையோடு அதே செடியின்மேல் நடந்துபோன ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இனி நான் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். குடித்திருந்தேனா என்று பலர் கேட்டுவிட்டார்கள். இல்லை. காலையில் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறுமுன் குடித்த டீ மட்டும்தான். குடித்திருந்தால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சியிருக்கும். பழியைப் பாட்டில்மேல் போட்டிருக்கலாம். எனக்கு அந்த வசதியும் இல்லை.

மதுரைக்கு மேற்கே, என் மனைவி பிறந்த ஊரில் அன்றைக்கு விசேஷம். அவளுடைய தம்பி, அதாவது என் மச்சினன், கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்தவன். ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. கடைசியில் ஊர்க் கண்மாய்க்கரையில் இருக்கிற சாமியிடம் போய், பிள்ளை பிறந்தால் முடியிறக்கிக் காது குத்துவது உன் வாசலில்தான், கருங்கிடா ஒன்று உனக்குத்தான் என்று நேர்ந்துகொண்டான். பெண்பிள்ளை பிறந்தது. அந்த மாதமே ஒரு கறுத்த ஆட்டுக்குட்டியை வாங்கிவந்து சாமிபெயர் சொல்லி வீட்டில் விட்டான். பிள்ளை தவழ்ந்தபோது குட்டி துள்ளியது. பிள்ளை நடந்தபோது அது கொம்பு முளைத்த கிடாயாகி வாசலை மறித்துக்கொண்டு படுத்தது. அவன் கையால் வைத்தால்தான் தீவனம் தின்னும் என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள்.

அந்த ஊரில் கிடாயை இழுத்துவந்து வெட்டிவிட முடியாது. சாமிக்கு முன்னால் நிறுத்தி, மாலை போட்டு, மஞ்சள்தண்ணீர் தெளிப்பார்கள். கிடா தானாக உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று பொருள். சிலுப்பாவிட்டால் அதன்மேல் அரிவாள் படக்கூடாது. கிடா விழாமல் பிள்ளைக்குக் காதும் குத்தக்கூடாது. கூட்டிவந்த மாதிரியே திருப்பிக் கூட்டிப்போக வேண்டியதுதான். அப்படித் திரும்பிப்போன வீட்டில் அதற்குப் பிறகு பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தால்கூடத் தகப்பனுக்கு உயிர் போய்வரும். மச்சினன் இதை நினைத்தே சில நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று பஸ்ஸில் வரும்போது மனைவி சொன்னாள். அங்கே போய் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் போதும், வேறு ஒத்தாசை எதுவும் வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கரையில் ஒரே ஒரு பெரிய மரம், மருதமரம். வெளுத்த தடித்த அடிமரம். வேர்கள் கரையைக் கவ்விக்கொண்டு தண்ணீர்வரை இறங்கியிருக்கும். அதன் நிழலில்தான் சமையல், பந்திப்பாய், செருப்புக்குவியல், சொந்தபந்தம் எல்லாம். பூசாரியைக் கூட்டிவர மச்சினன் மோட்டார் சைக்கிளில் கிளம்பினான். கிளம்புமுன் சுற்றிலும் பார்த்தான். எல்லார் கையிலும் வேலை இருந்தது. வெறுங்கையோடு நின்றது நான் ஒருவன்தான். கிடாயின் கயிற்றை என் கையில் கொடுக்கும்போது அவன் முகத்தில் ஒரு தயக்கம் வந்துபோனது.

“கயித்த மட்டும் பிடிச்சுக்கங்க மச்சான். வேற ஒண்ணும் செய்ய வேணாம்” என்றான்.

அக்காவும் தம்பியும் ஒரே பாடத்தைத்தான் படித்திருக்கிறார்கள்.

நானும் ஒழுங்காகத்தான் நின்றேன். மேலே கிளையில் உட்கார்ந்திருந்த கொக்கு ஒன்று என் வெள்ளைச் சட்டையின் தோளில் எச்சமிடும்வரை ஒழுங்காகத்தான் நின்றேன். அதைப் பார்த்து முதலில் சிரித்தவள் என் கொழுந்தியா, மனைவியின் தங்கை. பள்ளிக்கூடத்தில் டீச்சர். எனக்கும் அவளுக்கும் கல்யாண நாளிலிருந்தே வாய்ச்சண்டை. நாலு பேரும் ஒரு நிழலும் கிடைத்துவிட்டால் மதுரைக்காரனால் பட்டிமன்றம் நடத்தாமல் இருக்க முடியாது. எனக்கோ சட்டையில் காயம் வேறு. மரம் என்பதே ஓர் உபத்திரவம் என்று ஆரம்பித்தேன்.

எதிரே கண்மாய் முழுக்க ஆகாயத்தாமரை. தண்ணீர் என்று ஒரு கைப்பிடி கண்ணில் படவில்லை. கரையிலிருந்து அக்கரை வரைக்கும் பச்சைக் கம்பளம், அதன்மேல் ஊதாப்பூ. ஒவ்வொரு பூவிலும் மயில்கண் மாதிரி ஒரு மஞ்சள் பொட்டு. அதைக் காட்டி, எதற்காக மரம் என்று கேட்டேன். மரம் வைத்தால் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஆடு கடிக்காமல் வேலி கட்ட வேண்டும், வளர்ந்தால் சுவரைப் பிளக்கும், சருகு கொட்டும், கொக்கை உட்காரவைத்து மனிதனை அவமானப்படுத்தும். வைத்த இடத்தை விட்டு அசையாது. ஆகாயத்தாமரையைப் பாருங்கள்: யாரும் வைக்கவில்லை, யாரும் ஊற்றவில்லை, மண்கூடக் கேட்கவில்லை. தண்ணீர் போகிற பக்கம் போகும். போகிற இடமெல்லாம் பூக்கும். மரம் மாமனார் மாதிரி, ஆகாயத்தாமரை மருமகன் மாதிரி என்று முடித்தேன். சமையல்காரர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது.

கொழுந்தியா விடவில்லை. ஆமாம் மச்சான், மருமகன் மாதிரியேதான், அடுத்தவன் தண்ணியில மிதந்து பெருகுது என்றாள். மரத்தடியில் கிடக்கிற பழுத்த இலையைக்கூடக் கிடா பொறுக்கித் தின்கிறது, உங்கள் செடியை ஏன் திரும்பியும் பார்க்கவில்லை என்று கேட்டாள். அதற்கும் நான் ஏதோ சொன்னேன். அவள் கடைசியாகச் சொன்னதுதான் தைத்தது.

“அம்புட்டு ஒசத்தின்னா அதுமேல போயி நிக்க வேண்டியதுதான? எதுக்கு இந்த மரத்து நெழல்ல ஒண்டிக்கிட்டு இருக்கீங்க?”

இங்கே என் புத்திசாலித்தனத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். போன கோடையில் வந்திருந்தபோது கண்மாய் வற்றிக் கிடந்தது. கரையோரம் இதே செடிகள் காய்ந்த சேற்றில் படுத்திருந்தன. நானே அவற்றின்மேல் நடந்துபோய் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். ஆகவே நடுவில் தண்ணீர், ஓரத்தில் தரை என்பது என் கணக்கு. இந்தத் தடவை பச்சை கரைக்கு வெகு பக்கத்தில் உயர்ந்து நிற்பதைக் கவனிக்கவும் செய்தேன். மண்ணடித்து மேடாக்கிவிட்டார்கள் போலிருக்கிறது, பரவாயில்லையே, வேலை நடக்கிறதே என்று மனதுக்குள் பாராட்டினேன். மழை பெய்து கால்வாயில் தண்ணீர் வந்து கண்மாய் பெருகியிருக்கிறது, பெருகப் பெருகச் செடியும் மேலே வந்திருக்கிறது என்று தோன்றவில்லை. மிதக்கிற செடி, மிதக்கிற செடி என்று அத்தனை தடவை சொன்ன வாய்க்கும் காலுக்கும் இடையில் எனக்குத் தொடர்பே கிடையாது.

கிடாயை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கினேன். அது இந்தப் பச்சையைத் தின்னும், கொழுந்தியா வாய் அடைபடும் என்பது திட்டம். ஓரத்துக்கு வந்ததும் கிடா நின்றுவிட்டது. நாலு காலையும் மண்ணில் ஊன்றிப் பின்னால் இழுத்தது. அதற்குத் தைரியம் கொடுப்பதற்காக, வாடா, நான் நிற்கிறேன் பார் என்று சொல்லி, கயிற்றைக் கைமணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, பச்சையின்மேல் கால் வைத்தேன். முதல் அடி தாங்கியது. அதுதான் அந்தச் செடியின் அயோக்கியத்தனம். இரண்டாவது அடியில் உலகம் கீழே போனது.

விழுந்ததுகூட அதிர்ச்சியில்லை. பார்த்ததுதான் அதிர்ச்சி. உச்சிவெயில் நேரம். வெயிலில் கண் கூசுகிறது என்று சற்றுமுன்தான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேசியிருந்தேன். தலை பச்சைக்குக் கீழே போனதும் இருட்டிவிட்டது. மங்கல் இல்லை, இருட்டு. பூட்டிய அறைக்குள் விளக்கை அணைத்த மாதிரி. சில்லென்ற கறுப்புத் தண்ணீர், அழுகல் வாசம், முகமெல்லாம் ஈரமயிர் மாதிரி வேர்கள். மேலே அத்தனை பூவும் அத்தனை பச்சையும் ஒரு கை உயரத்தில் இருக்க, அடியில் ஒன்றுமே இல்லை. மீன்கூட இல்லை. மரத்து நிழலில் ஒண்டியிருக்கிறேன் என்று கொழுந்தியா குத்திக்காட்டியபோது, நிழல் தருவது மரம் மட்டும்தான் என்று நானும் நினைத்திருந்தேன். இதுவும் தருகிறது. மரத்தின் நிழலுக்குக் கீழே மனிதர்கள் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறார்கள். இதன் நிழலுக்குக் கீழே நான் இருந்தேன்.

தலையை வெளியே நீட்டிக் கையில் அகப்பட்டதைப் பிடித்தேன். ஆகாயத்தாமரை. பிடித்த உடனே என்னோடு வந்துவிட்டது. அடுத்ததைப் பிடித்தேன், அதுவும் வந்தது. எத்தனை பிடித்தாலும் மறுப்பே இல்லாமல் கூட வருகிறது. இவ்வளவு இணக்கமான செடியை நான் பார்த்ததில்லை. கால் சேற்றுக்குள் முழங்கால்வரை இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் கழுத்தளவுதான் என்று பிற்பாடு சொன்னார்கள். கழுத்தளவு என்பது நின்றால்தான். நிற்கத் தரை வேண்டும். மணிக்கட்டில் கயிறு இறுகியது. நான் விழுந்த வேகத்தில் கிடாயும் உள்ளே வந்துவிட்டிருந்தது. அது என்னைவிடக் கெட்டிக்காரத்தனமாக, ஒரு சத்தமும் போடாமல், மூக்கை மேலே தூக்கிக்கொண்டு கரையைப் பார்த்து நீந்தியது. அது இழுத்த இழுப்பில் நானும் ஒரு பக்கமாகச் சாய்ந்து போனேன். அப்போது கையில் வேறு ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தேன், வரவில்லை. மறுபடி இழுத்தேன், வரவே இல்லை. மருதமரத்தின் வேர். அந்த நிமிஷத்தில் உலகத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பொருள், கூப்பிட்டால் வராத அந்த வேர்தான்.

சமையல்காரர்தான் முதலில் ஓடிவந்தார். என்னை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். கிடா தானே ஏறிக்கொண்டது. மூக்குக்கண்ணாடி போய்விட்டது. செல்போன் போய்விட்டது. இடுப்பில் வேட்டி இருந்தது என்பதைக் கடவுள் செயல் என்றுதான் சொல்ல வேண்டும். தோளிலும் காதிலும் வேர் தொங்க, ஊதாப்பூ ஒன்று சட்டைப்பையில் செருகிக்கொண்டு நின்றது. யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. நான் வழுக்கினால் சிரிப்பதற்கென்றே பிறந்த கொழுந்தியாகூட வாயில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் கிடாயைப் பார்த்தாள்.

அப்போதுதான் கிடா கால்களை அகட்டி நின்று, கொம்பிலிருந்து வால்வரை, மேல்தோல் கழன்று பறக்கிற மாதிரி ஒரு சிலுப்புச் சிலுப்பியது. பிறகு இன்னொன்று. பந்திப்பாய் எல்லாம் நனைந்தது. மூழ்கி எழுந்த மூளையோ என்னவோ, சிலுப்பிவிட்டது, உத்தரவு கிடைத்துவிட்டது என்று நான் சந்தோஷமாகச் சொன்னேன். சரிவின் மேலே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு மச்சினனும் பூசாரியும் நின்றுகொண்டிருந்தார்கள். மச்சினன் முகத்தில் ரத்தமே இல்லை. கண்மாய்த் தண்ணீருக்குச் சிலுப்பினது கணக்கில் வராது என்று பூசாரி மெதுவாகச் சொன்னார். சாமி முன்னால் நிறுத்தித்தான் கேட்க வேண்டும்.

நிறுத்தினார்கள். ஈரம் சொட்டுகிற கழுத்தில் மாலை போட்டார்கள். பிள்ளைக்கு முடியிறக்கிச் சந்தனம் பூசி, தாய்மாமன் மடியில் வைத்துத் தயாராக இருந்தார்கள். ஆசாரி கையில் காது குத்துகிற ஊசி. பூசாரி வேப்பிலையை மஞ்சள்தண்ணீரில் நனைத்துத் தெளித்தார். கிடா நின்றது. மறுபடி தெளித்தார். நின்றது. செம்போடு கவிழ்த்தார். கண்மாயையே மேலே ஊற்றிக்கொண்டு வந்த ஆட்டுக்கு ஒரு செம்புத் தண்ணீர் என்ன செய்யும்? உடம்பு முழுக்க ஏற்கெனவே நனைந்திருந்தது. சிலுப்ப வேண்டியதையெல்லாம் கரையிலேயே சிலுப்பி முடித்துவிட்டு, அது சாமியை அமைதியாகப் பார்த்துக்கொண்டு நின்றது.

கொட்டுக்காரர்கள் முதலில் வேகமாக அடித்தார்கள், பிறகு மெதுவாக, பிறகு அடிக்கவில்லை. மனைவியின் தம்பி கைகூப்பியபடி நின்றான். நான் அவனைக் கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன், ஆஸ்பத்திரி வராந்தாக்களில் பார்த்திருக்கிறேன், பிள்ளை பிறந்த அன்றைக்குப் பார்த்திருக்கிறேன். இப்படிப் பார்த்ததில்லை. உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. அவன் பெண்டாட்டி பிள்ளையைத் தன் அண்ணன் மடியிலிருந்து வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். என் வேடிக்கையெல்லாம் கண்மாயிலேயே கரைந்துவிட்டது. ஒரு கொக்கு எச்சத்துக்காக, ஒரு சிரிப்புக்காக, இந்த வீட்டின் நிம்மதியைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டுபோய்த் தண்ணீரில் போட்டிருக்கிறேன்.

வீட்டாளுகளில் யாருக்கோ குறை இருக்கிறது, ஒவ்வொருவராக வந்து கிடாயிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள் என்றார் பூசாரி. மச்சினன் கேட்டான். அவன் பெண்டாட்டி கேட்டாள். என் மனைவி கேட்டாள். கிடா நின்றது. கொழுந்தியாகூட வந்து, நானும்தான் பேச்சை வளர்த்தேன் என்று கிடாயிடம் ஒத்துக்கொண்டாள். பிறகு எல்லாக் கண்ணும் ஒரே பக்கம் திரும்பின. எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. மனைவி என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

ஆட்டிடம் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. ஆபீசில் மேலதிகாரியிடம் கேட்கிற மாதிரிக் குனிந்தேன். கண்ணாடி இல்லாததால் வெகு பக்கத்தில் குனிய வேண்டியிருந்தது. அதன் கண் மஞ்சளாக, நடுவில் கீறல் மாதிரி ஒரு கறுப்போடு, என்னையே பார்த்தது. மணிக்கட்டில் கயிறு தடித்த தடம் இன்னும் எரிந்தது. இது என்னை இழுத்திராவிட்டால் என் கை அந்த வேர்வரை போயிருக்காது என்று அப்போதுதான் தோன்றியது. “தப்புத்தான்யா, பொறுத்துக்க” என்றேன். நிஜமாகவே சொன்னேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

என் தலைமுடியிலிருந்து கண்மாய்த் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு நேராக அதன் காதுக்குள் விழுந்தது.

கிடா சிலுப்பியது. தலையிலிருந்து வால்வரை, முழுசாக.

குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. கொட்டு மறுபடி கிளம்பியது. யாரோ என் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தார்கள். நான் நிமிர்ந்து, ஒரு நிமிஷம், காதில் தண்ணி, என்று சொல்ல வாயெடுத்தேன். மச்சினன் முகம் தெரிந்தது. கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. அவன் அழுதுகொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டேன். காலையிலிருந்து எல்லாரும் என்னிடம் கேட்ட அந்த ஒரே உதவியை அப்போதுதான் செய்தேன். பொறுத்துக்கொள் என்று நான் சொன்ன ஈரம் காய்வதற்குள் அரிவாள் இறங்கிவிட்டது.

பிள்ளைக்குக் காது குத்தினார்கள். வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள்.

மருதமர நிழலில் பந்தி. இரவல் சட்டை, இரவல் வேட்டி கட்டிக்கொண்டு நானும் ஓர் இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். நான் விழுந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன். என் அளவுக்கு ஒரு பள்ளமாவது இருக்கும், கறுப்பாகக் கொஞ்சம் தண்ணீராவது தெரியும் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. பச்சை மூடிவிட்டிருந்தது. பூகூட நின்றது. ஓர் ஆளையும் ஓர் ஆட்டையும் உள்ளே இழுத்த இடம் என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள். மரத்திலிருந்து ஒரு சிறு கிளை ஒடிந்தால்கூட அது ஒடிந்த இடம் வருஷக்கணக்கில் தெரியும்.

மச்சினன் வாளியோடு வரிசையில் வந்தான். வெகுநாளைக்குப் பிறகு அவன் முகம் தெளிந்திருந்தது. என் இலையில் இரண்டு கரண்டி அள்ளி வைத்தான். அவன் கையைப் பிடித்து, பக்கத்தில் யாருக்கும் கேட்காமல் கேட்டேன்.

“மாப்ள, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. அது என்னையப் பொறுத்துக்கிட்டுத்தான் சிலுப்புச்சா, இல்ல காதுல தண்ணி போனதாலயா?”

அவன் என்னைப் பார்த்தான். இலையைப் பார்த்தான்.

“கறி ஆறுது மச்சான்.”